கிழங்கறைக்கு ஒரு மேடு

அத்தியாயம் ஒன்பது

அண்ணன் தன் மனத்தில் இருந்ததை என்னிடம் இறக்கி வைத்தது நேற்றுப் பின்னேரம். இன்று காலை, அவர் வேலைக்குப் போன கையோடு, அவருடைய மனைவி, என் மச்சாள், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போய்விட்டார்.

நேற்றுக் கிணற்றடியில் அண்ணன் சொன்னதை முதலில் ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இன்று நடந்தது எவருக்கும் விளங்காது.

போன பங்குனிக் கடைசியில், வருடப்பிறப்புக்குச் சில நாள் முன்பு, ஜப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்ட காலையில், கப்பல்துறையில் இருந்த நாங்கள் எல்லோரும் கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டு தம்பலகாமம் பக்கமாக ஓடினோம். மச்சாளுக்கு அப்போது எட்டாம் மாதம். பாதி வழியில், ஒரு விளாமரத்தடியில், பெண் குழந்தை பிறந்தது. சற்று நேரம் மூச்சு விட்டது. பிறகு விடவில்லை. அண்ணன் தன் சால்வையில் அதைச் சுற்றி எடுத்தார். மயானத்தில் அடக்கம் செய்துவிட்டு வருகிறேன் என்று வந்த வழியே திரும்பிப் போனார். நானும் அம்மாவும் மச்சாளைத் தாங்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போனோம். குண்டு ஓய்ந்த பிறகு அம்மா தம்பலகாமத்திலேயே தங்கிவிட, நாங்கள் மூவரும் வீட்டுக்குத் திரும்பினோம்.

எங்கள் ஆட்கள் இப்படிப் போன குழந்தையைப் புதைத்த இடத்தைத் தாய்க்குக் காட்டுவதில்லை. தாயும் கேட்பதில்லை. இடம் தெரிந்தால் அவளுடைய மனம் அங்கேயே நின்றுவிடும், அடுத்த பிள்ளை தங்காது என்பார்கள். ஆகவே மயானம் என்ற ஒரு சொல்லோடு அந்தக் கதை முடிந்தது. மச்சாள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆனால் கடைக்குப் போகும்போதெல்லாம் மயானத்து வளைவில் காலில் முள் ஏறியது போலக் குனிந்து சற்று நிற்பார். முள் இருந்ததை நான் ஒரு நாளும் காணவில்லை.

குழந்தை மயானத்தில் இல்லை. அன்று அந்தப் பாதையைப் பட்டாளத்துக்காரர் மறித்துவிட்டார்கள். எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையில் பகல் இருட்டாகிக் கிடந்தது. அண்ணன் கையில் இருந்ததைக் கீழே வைக்க இடமில்லாமல் எங்கள் வீட்டு வளவுக்கே வந்தார். பாலை மரம் நிற்கும் மேட்டில், வீட்டைப் பார்த்த பக்கமாக, மரத்தில் இருந்து ஓர் எட்டுக்குள் குழி வெட்டினார். மேலே ஒரு கல்லைக்கூட வைக்கவில்லை.

"இதை அவளுக்குச் சொல்லாதை, பிள்ளை," என்றார் நேற்று. "நாளையிண்டைக்கு நான் லீவிலை நிண்டு கிழங்கறைக்கு வேறை இடம் பாக்கிறன். அதுவரைக்கும் அந்த மேட்டிலை ஒருதரையும் வெட்ட விடாதை."

நான் ஓம் என்றேன். எப்படி என்று கேட்டிருக்க வேண்டும்.

ஏனென்றால் அந்த மேட்டைத் தேர்ந்து கொடுத்தவளே நான்தான்.

வெருகல் பக்கத்தில் மச்சாளின் தகப்பன் வீட்டில் நிலத்துக்குள் ஒரு கிழங்கறை இருந்ததாம். ஆள் இறங்கி நிற்கக்கூடிய குழி. அடியில் காய்ந்த மணல், நடுவே சாம்பல், மேலே பனங்குற்றி பரப்பி மண் மூடி, காற்றுப் போக ஒரு மூங்கிற் குழாய். வத்தாளங்கிழங்கும் இராசவள்ளி விதைக்கிழங்கும் மாரி முழுவதும் அதற்குள் கெடாமல் கிடக்குமாம். கூப்பன் அரிசி கிழமையில் பாதி நாளுக்குக்கூடப் போதாமற் போன பிறகு, அப்படி ஒன்று நமக்கும் வேண்டும் என்று மச்சாள் பிடித்த பிடியில் நின்றார். பரணில் வைத்த கிழங்கில் எலி தின்றது போக மிச்சம் முளைத்துவிட்டது. முற்றத்தில் காயப்போட்டதைக் குரங்கு கொண்டுபோனது.

எங்கே வெட்டுவது என்று பார்க்கச் சொல்லி என்னிடம் இரும்பு அலவாங்கைத் தந்தார். எனக்கு ஒரு வேலையைத் தந்தால் அதை ஒழுங்காகச் செய்யாமல் இருக்க ஏலாது. வளவின் ஒவ்வொரு மூலையிலும் குத்திப் பார்த்தேன். சமைக்கிற குசினிக்குப் பின்னால் ஈரம். கிணற்றடியில் சேறு. வேலியோரத்தில் முதல் மழைக்கே தண்ணீர் ஊறிக் கிடந்தது. பாலை மரத்து மேட்டில் மட்டும் அலவாங்கு காய்ந்து வெளியே வந்தது. அதை மச்சாளிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அப்போது எனக்கு வேறொன்றும் தெரியாது.

அண்ணன் மட்டும் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். புதுமண் கிளறினால் மேலே இருந்து விமானக்காரனுக்குத் தெரியும் என்பது அவர் சொன்ன காரணம். ஜப்பான்காரன் நம்முடைய கிழங்கைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தவன் போல, என்று மச்சாள் சிரித்தார். குழந்தை போன பிறகு மச்சாள் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். அதனால்தான் அண்ணன் மேலே பேசாமல் விட்டிருக்க வேண்டும்.

●

இன்று காலை நான் மேட்டுக்குப் போனபோது கதிராமன் அண்ணை அங்கே நின்றார். அயலவர். தோட்டம் கொத்த, கிணறு இறைக்க என்று எங்கள் வீட்டுக்கு வருகிறவர். மச்சாள் அவரிடம் நேற்றே சொல்லி வைத்திருந்தார்.

கயிறு கட்டியாகிவிட்டது. மேட்டின் அடியில், வீட்டுப் பக்கமாகத் தொடங்கி, மேலே பாலை மரம் வரைக்கும் நீளமாக ஒரு கட்டம். கீழ்ப்பக்கம் வாசல், மரத்துப் பக்கம் பின்சுவர். கதிராமன் அண்ணை கீழ் முனையில் தொடங்கி மரத்தை நோக்கி வெட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு.

கயிற்றின் மேல் முனையை நான் பார்த்தேன். மரத்தின் வேர் மண்ணுக்குள் இறங்கும் இடத்தில் முளை அடித்திருந்தது. அண்ணன் சொன்ன இடம் கட்டத்துக்குள் வந்துவிட்டது.

அறையை மரத்துக்கு அந்தப் பக்கம் வைத்தால் என்ன என்று மெல்லக் கேட்டேன். மாரிக் காற்று அந்தப் பக்கத்தால்தான் அடிக்கும், மழை நேரே உள்ளே இறங்கும் என்று மச்சாள் பொறுமையாகச் சொன்னார். அதோடு இந்தப் பக்கம் என்றால் குசினிக்குள் நின்றே பார்த்துக்கொள்ளலாம். அது சரியான பேச்சு. நானே அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பிறகு இன்றைக்கு நாள் சரியில்லை என்றேன்.

"பசிக்கு எந்த நாள் சரியில்லை எண்டு உன்ரை பின்னேர வகுப்பு ரீச்சர் சொன்னவவோ?" என்றார் மச்சாள்.

வேர் குறுக்கே வரும் என்றேன். கதிராமன் அண்ணை கோடாலியைக் காட்டினார். நேற்று அந்த வேருக்குள் ஒரு பாம்பு போனதைக் கண்டேன் என்று ஒரு பொய்யும் சொன்னேன். பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. முகம் சுட்டது. மச்சாள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"பாம்பு இருந்தால் எலி வராது. நல்லதுதானே, குணம்."

கதிராமன் அண்ணைக்கு அதில் சிரிப்பு. காலையில் இருந்து இந்தப் பிள்ளை தன்னை ஒரு கொத்துக் கொத்த விடவில்லை, அண்ணன்காரன் என்னவும் சொல்லி வைத்துவிட்டுப் போனாரோ என்று மச்சாளிடம் கேட்டார். அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். மண் சுமக்கிற கடகத்தைத் தூக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போய்விட்டேன்.

வெட்டத் தொடங்கினார்கள்.

சிவப்பு மண்ணும் சிறு கல்லும் கலந்த இறுகிய தரை. மண்வெட்டி விழும்போது ஒரு வறண்ட சத்தம் வந்தது. கதிராமன் அண்ணை கொத்த, மச்சாள் அள்ள, நான் சுமந்துபோய்க் கொட்டினேன். இயன்ற மட்டும் மெதுவாக நடந்தேன். வெறுங் கடகத்தோடு திரும்பும் ஒவ்வொரு தடவையும் வெட்டிய விளிம்புக்கும் மரத்துக்கும் இடையே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கண்ணால் அளந்தேன். நான் மெதுவாக நடந்ததால் ஒன்றும் குறையவில்லை. கொட்டாத மண் பக்கத்தில் குவிந்தது. குழி மட்டும் மேலே ஏறிக்கொண்டே போனது.

சொல்லிவிடலாமா என்று யோசித்தேன். சொன்னால், தாய்க்கு இடம் காட்டக்கூடாது என்ற வழக்கத்தை மீறியவள் நான். அதனால் நாளைக்கு ஏதும் கெட்டது நடந்தால் அதற்கும் நான்தான் காரணம் என்றாகும். சொல்லாவிட்டால், மண்வெட்டி போய் அங்கே விழும். எது பெரிய பிழை என்று எனக்குத் தெரியவில்லை. இப்படியான நேரத்தில் மற்றவர்களுக்கு உடனே ஏதோ ஒன்று தோன்றும் போலிருக்கிறது. எனக்கு எப்போதும் இரண்டு பக்கமும் சரியாகத்தான் தெரியும்.

மத்தியானம் கதிராமன் அண்ணை சாப்பிடப் போனார். மச்சாள் குழிக்குள் இறங்கி நின்றார். மண் அவருடைய இடுப்பு வரை வந்தது. உள்ளங்கையால் குழியின் பக்கத்தைத் தடவிப் பார்த்தார்.

"குளிர்ச்சியாய்க் கிடக்குது, குணம். தொட்டுப் பார்."

நான் குனிந்து தொட்டேன். குளிர்ச்சியாகத்தான் இருந்தது.

இந்தப் பக்கம் இராசவள்ளி விதை, அந்தப் பக்கம் வத்தாளங்கிழங்கு, நடுவில் ஆள் நிற்க இடம் என்று கையால் காட்டிக்கொண்டு வந்தார். நடுவில் அவ்வளவு இடம் எதற்கு என்று கேட்டேன். மச்சாள் குழியின் அடியில் குந்தி இருந்துகொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இனி நான் ஓடமாட்டன். பிளேன் வந்தால் இதுக்குள்ளை இறங்கி இருப்பன். தெருவிலை பெத்துத் தெருவிலை குடுத்தது போதும்."

அடுத்த கடகத்தை நான் வேகமாகத் தூக்கிக்கொண்டு போனேன்.

●

கிண்ணியாவில் இருந்து ஸஹாப்தீன் காக்கா கிழங்கோடு வருவார் என்பது தெரியும். அவருடைய புது வீட்டுக்கு அண்ணன் கதவும் யன்னலும் செய்து கொடுத்தார். அதற்குப் பதில் இந்த மாரிக்கு எங்களுக்கு வத்தாளங்கிழங்கு என்று பேச்சு. ஆனால் அவர் நாளைக்கு வருவார் என்றுதான் நான் கணக்குப் போட்டிருந்தேன். இன்றைக்கே வண்டி வந்து வேலிப் படலையில் நின்றது.

வானத்தைப் பார்த்துவிட்டு வந்தாராம். கடல் கறுத்துக் கிடக்கிறது, நாளைக்குத் துறையில் தோணி விடமாட்டார்கள் என்றார். சாக்குகளை இறக்கி மரத்து நிழலில் அடுக்கினார். ஒரு கிழங்கை எடுத்து மண்ணைத் துடைத்து மச்சாளிடம் நீட்டினார்.

"நனைய விட்டிராதீங்க புள்ள. நனைஞ்சா கிழமைக்குள்ள அழுகிப் போயிடும்."

மச்சாள் அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார். அவர் குழியை எட்டிப் பார்த்து, இது என்ன, பதுங்குகுழியா பத்தாயமா என்று கேட்டார். இரண்டும்தான் என்றார் மச்சாள். ஸஹாப்தீன் காக்கா தலையை ஆட்டிக்கொண்டு தன் வீட்டிலும் ஒன்று வெட்ட வேண்டும், பெண்சாதி இரவில் தூங்குவதில்லை என்று சொல்லிவிட்டு, மழைக்கு முன் துறைக்குப் போய்ச் சேர வேண்டும் என்று மாட்டைத் தட்டினார்.

வடக்கே வானம் இருண்டு வந்தது. கதிராமன் அண்ணை அப்போதுதான் திரும்பி வந்து வெற்றிலையை மென்றுகொண்டு நின்றார். அவருடைய நிதானம் மச்சாளுக்குப் பிடிக்கவில்லை. அவர் கையில் இருந்த மண்வெட்டியை வாங்கிக்கொண்டு தானே குழிக்குள் இறங்கி, மரத்துப் பக்கத்து விளிம்பில் கொத்தத் தொடங்கினார்.

அந்த விளிம்புக்கும் மரத்துக்கும் இடையில் இனி இரண்டு எட்டு நிலம்கூட இல்லை.

"மச்சாள்," என்றேன்.

"என்ன?"

வாய் வரை வந்தது. களைத்துப் போயிருப்பீர்கள், என்னிடம் தாருங்கள் என்றுதான் சொன்னேன். எனக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியாது என்று அவருக்குத் தெரியும். அவர் நிமிரவில்லை.

அப்போது படலை திறந்த சத்தம் கேட்டது.

அண்ணன் விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன் ஒரு நாளும் வீட்டுக்கு வந்ததில்லை. கடற்படைத் துறையில் தச்சு வேலை. லொறி வந்து சந்தியில் இறக்கிவிடும். இன்று அவர் நடந்து வந்திருக்க வேண்டும், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. படலையில் நின்று எங்களைக் கண்டார். குழியைக் கண்டார். மச்சாளின் கையில் மண்வெட்டி உயர்ந்து நின்றதைக் கண்டார்.

"இலட்சுமி, வெட்டாதையும். நில்லும்."

மச்சாள் மண்வெட்டியைத் தாழ்த்தினார், விடவில்லை. அண்ணன் ஓடி வந்தார். சாக்குகளைத் தாண்டி, மண் குவியலைத் தாண்டி, மேட்டின் அடிக்கு வந்தார். அங்கே நின்றார்.

நின்று, குனிந்து, சப்பாத்தின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

வேலைக்குக் கொடுத்த தடித்த சப்பாத்து. அவசரத்தில் முடிச்சு இறுகிவிட்டது. ஒன்றைக் கழற்றினார். மற்றதையும் கழற்றினார். இரண்டையும் ஓரமாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு மேட்டில் ஏறினார். தான் என்ன செய்கிறார் என்று அவருக்கே தெரிந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மச்சாள் அவருடைய காலைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

அண்ணன் பேசத் தொடங்கினார். மேலே தெரியும், ஆபத்து, நாளைக்கு வேறு இடம், சாக்குகளை இன்றைக்கு வீட்டுக்குள் எடுத்து வைப்போம் என்று ஒன்றன் மேல் ஒன்றாக வந்தது. மச்சாள் ஒன்றையும் கேட்டதாகத் தெரியவில்லை.

"சப்பாத்தை ஏன் கழட்டினனீங்கள்?"

அண்ணன் நிறுத்தினார்.

"இஞ்சை வைரவரும் இல்லை, பிள்ளையாரும் இல்லை. ஏன் கழட்டினனீங்கள்?"

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை மச்சாள் கண்டார். என் முகத்தைப் பார்த்தார். காலையில் இருந்து நான் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் அவருக்கு அந்த நேரத்தில் திரும்பி வந்திருக்க வேண்டும். நாள், வேர், பாம்பு. பிறகு அவர் தலையைத் திருப்பி, தனக்கு முன்னால் நெஞ்சளவு உயரத்தில் இருந்த அந்த வெட்டாத நிலத்தைப் பார்த்தார்.

மண்வெட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். பிள்ளை தூங்குகிற இடத்தில் பாத்திரத்தை வைப்பது போல.

"தலை எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.

கதிராமன் அண்ணை தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போனார்.

அண்ணன் குழியின் விளிம்பில் குந்தி இருந்தார். தெற்கே என்று கையால் காட்டினார். மச்சாள் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார். ஆழமாகத்தான் வெட்டினேன் என்றார். சால்வையோடுதான் வைத்தேன், முகத்தை முதலில் மூடவில்லை, பிறகு மூடினேன் என்றார். பாதையை மறித்ததைச் சொன்னார். சொல்லச் சொல்ல அவருடைய குரல் தேய்ந்துகொண்டே போனது.

மச்சாள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் போகேக்கை வரேக்கையெல்லாம் அந்த மயானத்து வேலிக்கு உள்ளை பூ எறிஞ்சனான். ஒருதருக்கும் தெரியாமல், மடியிலை கட்டிக்கொண்டு போய். ஆரின்ரை பிள்ளைக்கு எறிஞ்சனானோ."

"அம்மாதான் சொல்லக் கூடாது எண்டவ," என்றார் அண்ணன்.

"அம்மாக்கு மயானம் எண்டு சொன்னது ஆர்?"

மச்சாள் கையை உயர்த்தி, அந்த நிலத்தின் மேல் உள்ளங்கையை விரித்து வைத்தார். மத்தியானம் குழியின் பக்கத்தைத் தொட்ட அதே கை. இவ்வளவு கிட்டவே கிடந்திருக்கிறாள், நான் குசினிக்குள் நின்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்று, எங்களுக்கு அல்ல, தனக்குள் சொன்னது போலச் சொன்னார்.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. என்ன சொன்னாலும் அது அந்தப் பாம்புக் கதை போலத்தான் இருக்கும் என்றும் தோன்றியது. பேசாமல் நின்றேன். அது சரியா என்று இப்போதும் தெரியவில்லை.

●

முதல் துளி சாக்கின் மேல் விழுந்தது. தடித்த துளி. சணலில் கறுப்பாக ஒரு வட்டம் விரிந்தது.

கதிராமன் அண்ணை வேலியில் நின்றபடியே, இனி இதை மூடிவிடுவதுதான் முறை என்றார். இப்படியான இடத்துக்குப் பக்கத்தில் சாப்பாட்டுச் சாமான் வைக்கக்கூடாது, யாராவது பூசாரியைக் கேட்க வேண்டும், தம்பலகாமத்தில் இருக்கிற அம்மாவையாவது கேட்க வேண்டும் என்றார். அண்ணனும் எழுந்து, மூடிவிடுவோம் என்று மண்வெட்டிக்குக் கையை நீட்டினார்.

மச்சாள் அதன் மேல் காலை வைத்தார்.

"மூட வேண்டாம். மேலையும் வெட்ட வேண்டாம். இந்தச் சுவர் இப்பிடியே இருக்கட்டும். நீளம் காணாட்டி ஆழமாய் வெட்டுங்கோ."

"இலட்சுமி."

"நான் இதுக்குள்ளை வந்து நிக்கவேணும். எனக்கு ஒரு இடம் வேணும். விளங்குதோ உங்களுக்கு?"

அண்ணனுக்கு விளங்கியது. அவர் சட்டையைக் கழற்றி மரக்கிளையில் போட்டுவிட்டுக் குழிக்குள் இறங்கினார். கதிராமன் அண்ணை இறங்கவில்லை. ஆனால் வீட்டுக்கும் போகவில்லை. பின்னிய தென்னங்கிடுகும் பனங்குற்றியும் எடுத்து வந்து, மேலே பரப்புவதற்குத் தோதாக வெட்டிக் கொடுத்தார். தண்ணீர் உள்ளே இறங்காமல் மேட்டைச் சுற்றி ஒரு வாய்க்காலும் இழுத்தார்.

மழை பிடிக்க முன் ஓர் ஆள் நிற்கிற ஆழம் வந்தது. முழுக் கிழங்கறை இல்லை, அதில் பாதி என்று சொல்லலாம். நான் வீட்டு முற்றத்து மணலை வாரி வாரிக் கொண்டுபோனேன். மச்சாள் உள்ளே நின்று மணலைப் பரப்பி, கிழங்கை ஒவ்வொன்றாக வாங்கி, ஒன்றோடொன்று முட்டாமல் வைத்தார். காயம்பட்ட கிழங்கைத் தனியே ஒதுக்கினார். மரத்துப் பக்கத்துச் சுவரோடு அவர் ஒன்றையும் வைக்கவில்லை. அந்தப் பக்கத்தை வெறுமையாக விட்டு, அங்கே முதுகைக் கொடுத்து நின்றுதான் வேலை செய்தார்.

மழை இறங்கியது. கிடுகின் மேல் அது விழும் சத்தத்தில் வேறொன்றும் கேட்கவில்லை.

நான் அண்ணனின் சப்பாத்தை எடுக்கப் போனேன். உள்ளே தண்ணீர் நிறைந்துவிட்டது. கவிழ்த்து ஊற்றிக்கொண்டு நின்றபோது அண்ணனும் மணல் எடுக்க அந்தப் பக்கம் வந்தார். இன்றைக்கு ஏன் நேரத்துக்கு முன்பே வந்தீர்கள் என்று அப்போதுதான் கேட்கத் தோன்றியது. நான் மேட்டை வெட்ட விட்டுவிடுவேன் என்று பயந்துதான் வந்தார் என்று அதுவரை எண்ணியிருந்தேன்.

அவர் மேட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு என் காதுக்குக் கிட்ட வந்தார்.

சீனன்குடா விமானத்தளத்தைப் பெரிதாக்கப் போகிறார்களாம். நில அளவைக்காரர் இன்று காலை கடற்படைத் துறைக்கு வந்து, முளை அடிக்கத் தடி வெட்டித் தரச் சொல்லித் தச்சுப் பகுதியில் கேட்டார்களாம். எந்தப் பக்கம் என்று அண்ணன் விசாரித்தாராம். கண்டி வீதிக்கு இந்தப் பக்கம், எங்கள் வளவும் அதற்கு அப்பால் உள்ள வளவுகளும்.

"மேடு பள்ளம் எல்லாத்தையும் தட்டிச் சமன் செய்வினமாம், பிள்ளை."

மழை என் முகத்தில் அடித்தது. நான் துடைக்கவில்லை.

உறுதியாகத் தெரிந்த செய்தி இல்லை, மாறினாலும் மாறலாம் என்று அவர் சொன்னார். மச்சாளுக்கு இப்போது தெரிய வேண்டாம், இன்றைக்கு அவள் தாங்கியது போதும், கொஞ்ச நாள் போகட்டும் என்றார். நேற்றுக் கிணற்றடியில் கேட்ட அதே குரல். அவர் கேட்டது இரக்கத்தால்தான். அது எனக்குத் தெரியும். நேற்றும் இரக்கத்தால்தான் கேட்டார். ஏழு மாதத்துக்கு முன்பும் இரக்கத்தால்தான் மறைத்தார்.

இந்த முறை எனக்கு இரண்டு பக்கம் தெரியவில்லை. ஒரு பக்கம்தான் தெரிந்தது.

"ஏலாது, அண்ணா. இப்பவே போய்ச் சொல்லுங்கோ. நீங்கள் சொல்லாட்டி நான் சொல்லுவன்."

மேட்டில் இருந்து மச்சாள் கூப்பிட்டார். இன்னும் ஒரு கடகம் மணல் வேண்டுமாம், கடைசிச் சாக்கு மிச்சம் இருக்கிறதாம். அவருடைய குரலில் ஏதோ ஓர் ஆறுதல் இருந்தது போல எனக்குப் பட்டது. நான் அப்படி நினைத்துக்கொண்டேனோ தெரியாது.

அண்ணன் கடகத்தைத் தூக்கித் தோளில் வைத்தார். வெறுங்காலோடு மேட்டில் ஏறினார். குழியின் வாசலில் மண்டியிட்டு, மணலை உள்ளே இறக்கிக் கொடுத்தார். கொடுத்த பிறகும் எழும்பவில்லை. தலையைக் கிடுகுக்குக் கீழே குனிந்தபடி அங்கேயே இருந்தார்.

மழைச் சத்தத்தில் அவர் வாய் திறந்தாரா, என்ன சொன்னார், ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. சப்பாத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு பார்த்தபடி நின்றேன்.

உள்ளே இருந்து மச்சாளின் கை மட்டும் மேலே வந்தது. ஈரமான விளிம்பு மண்ணை அது இறுக்கிப் பிடித்தது.